குறும்பா, நோயா?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல வீடுகளில் ஃபெரெட் என்னும் சிறு விலங்கை வளர்க்கிறார்கள். பார்வைக்குக் கீரிப்பிள்ளை போல் இருந்தாலும், இது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது.

நான்கு வயது வரை சாதுவாக விளையாடிய ஃபெரெட் ஒன்று, திடீரெனத் தன் கூட்டாளியின் பிடரியைக் கவ்வி இழுக்கிறது. இனச்சேர்க்கைக் காலத்து விலங்கைப் போல் முரட்டுத்தனம் காட்டுகிறது. வாலில் தொடங்கி முடி உதிர்கிறது. 'சேட்டை மிஞ்சிவிட்டது' என்று வளர்ப்பவர் அடிக்கிறார். ஆனால் குட்டியாக இருந்தபோதே அதற்குக் கருத்தடை அறுவை செய்தாயிற்றே! பால் ஹார்மோன் எங்கிருந்து வந்தது?

விடை காண உங்கள் வீட்டு மின் இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். சூடு மிஞ்சினால் உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. விளைவே காரணத்தைக் கட்டுப்படுத்துகிறது. இதைப் 'பின்னூட்டம்' என்பர்.

உடலிலும் இதே ஏற்பாடு உண்டு. பகல் நீளும்போது, ஃபெரெட்டின் பீனியல் சுரப்பி தரும் மெலடோனின் குறைகிறது. உடனே மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரியின் ஹார்மோன்கள் இனப்பெருக்கச் சுரப்பிகளை வேலை வாங்குகின்றன. அவை தரும் பால் ஹார்மோன் இரத்தத்தில் ஏறியதும் 'போதும்' என்ற செய்தி மூளைக்குப் போகிறது.

அறுவைக்குப் பிறகு 'போதும்' என்று சொல்ல ஆளில்லை. தகடு கழன்ற இஸ்திரிப் பெட்டிதான்! பிட்யூட்டரியின் ஓயாத ஆணைக்கு, சிறுநீரகத்தின் அருகே உள்ள அட்ரீனல் சுரப்பி செவிசாய்க்கிறது. நாளடைவில் அது வீங்குகிறது, கட்டியும் தோன்றலாம். பால் ஹார்மோன்களை அதுவே மிகுதியாகச் சுரக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், அறுவைக்கும் நோய் கண்டறியப்பட்டதற்கும் இடைப்பட்ட காலம் சுமார் 3.5 ஆண்டுகள். ஆண் ஃபெரெட்டுக்குப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் அறுவையே வேண்டாமா? அதிலும் சிக்கல் உண்டு. இணை சேராத பெண் ஃபெரெட்டுக்கு இனவேட்கைக் காலம் முடியாமல் நீளும். அப்போது மிகும் ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்க, இரத்தச்சோகையால் அது இறக்கவும் கூடும்.

இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். டெஸ்லோரெலின் என்ற மருந்து அடங்கிய சிறு குச்சியைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். அது பிட்யூட்டரியை முதலில் தூண்டி, பிறகு மரத்துப்போகச் செய்கிறது. ஆணை நிற்கிறது. சில வேளைகளில் நோயுற்ற அட்ரீனலை அறுத்து எடுப்பதும் உண்டு.

மாணவர்களே, உங்கள் வீட்டு நாயோ பூனையோ திடீரெனக் குணம் மாறினால் பிரம்பைத் தேடாதீர்கள். மாற்றம் என்று தொடங்கியது, முடி கொட்டுகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். வாயில்லா ஜீவன் தன் நோயை நடத்தையால்தான் சொல்ல முடியும்.