டியூப்பை இழுக்க விடாதீங்க!



வயதான ஆண்கள் பலருக்கு மூத்திரம் சரியாகப் போகாது. ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போவார்கள். மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி பெருத்து வழியை அடைப்பதே பல பேருக்குக் காரணம். மாத்திரையில் சரியாகாவிட்டால் ஆபரேஷன்தான். பாடாலூர் பக்கத்திலிருந்து பெரம்பலூருக்கோ திருச்சிக்கோ கூட்டிப் போகிறோம். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பது யார்? பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள்தான். அதனால் இது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இந்தச் சுரப்பியில் ரத்தக் குழாய்கள் அதிகம். வயிற்றைக் கிழிக்காமல், மூத்திரப் பாதை வழியாகவே கருவியை விட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சதையைச் சீவி எடுப்பார்கள். ரத்தம் வரும் இடத்தை அதே கம்பியின் சூட்டால் கருக்கி அடைப்பார்கள். அதன் பிறகும் கொஞ்சம் கசிவு இருக்கும்.

அதற்காகத்தான் டியூப் போடுகிறார்கள். டியூப் நுனியில் ஒரு சின்ன பலூன் உண்டு. உள்ளே போனதும் அதில் தண்ணீர் ஏற்றி உப்ப வைப்பார்கள். தேவைப்பட்டால் டியூப்பை லேசாக இழுத்துத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள். அப்போது பலூன் உள்ளே அழுத்தி ரத்தத்தை நிறுத்தும். அரிவாள் பட்ட விரலைத் துணியால் அழுத்திப் பிடிக்கிறோமே, அதே மாதிரிதான். 1930களில் அமெரிக்க டாக்டர் ஃபோலி இந்த பலூன் டியூப்பை உருவாக்கியதும் இந்த ஆபரேஷனில் ரத்தக் கசிவைத் தடுக்கத்தான். இன்றும் அதற்கு 'ஃபோலி' என்றே பெயர்.

மேலே தொங்கும் பாட்டிலிலிருந்து உப்பு நீர் உள்ளே போய், ரத்தம் கட்டிப் போகாமல் கழுவி வரும். அதனால் பையில் சிவப்பாக வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நேரம் ஆக ஆக ரோஸ் கலராகி வெளுக்கும்.

நாம் கவனிக்க வேண்டியவை:

* ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். நாமாக நிறுத்தக் கூடாது.
* டியூப்பையோ பிளாஸ்திரியையோ நாமாக எடுக்கக் கூடாது. உப்பிய பலூனோடு இழுத்தால் பாதை கிழிந்து ரத்தம் கொட்டும்.
* பைக்கு நீர் வருவது நின்றாலோ, அடிவயிறு உப்பி வலித்தாலோ, திடீரென்று கெட்டியான சிவப்பாக வந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ராத்திரி என்று தயங்காதீங்க.
* வீட்டுக்கு வந்தபின் முக்கி மலம் கழிக்கக் கூடாது, பளு தூக்கக் கூடாது. மறுபடியும் ரத்தம் வரலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத அக்காமார்களுக்கும் போய்ச் சேரட்டும்.