மறுவாழ்வுச் சட்டத்தின் கடைசி வாக்கியம்

செலவு மிகுதி என்று காரணம் கூறி அமெரிக்க ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்ஸன் இருமுறை திருப்பி அனுப்பிய மறுவாழ்வு மசோதா, வேண்டிய அளவு குறைக்கப்பட்டு மூன்றாம் முறை அவர் மேஜைக்கு வந்து 1973 செப்டம்பர் 26-ஆம் தேதி கையொப்பம் பெற்றபோது, அதன் கடைசிப் பிரிவாகிய 504-ஐ அவரோ, அதற்கு வாக்களித்த அங்கத்தினர்களோ விசேஷமாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தொழிற்பயிற்சிக்கும் மறுவாழ்வுக்கும் மாகாணங்களுக்கு மானியம் வழங்குவதற்காக ஏற்பட்ட அந்தச் சட்டத்தில், 'பலவகை' என்ற தலைப்பின் கீழ், ஒரே ஒரு வாக்கியமாக அது ஒதுங்கிக் கிடந்தது. தகுதியுள்ள எவரையும், ஊனம் ஒன்றையே காரணமாகக் காட்டி, மத்திய சர்க்காரின் பண உதவி பெறும் எந்தக் காரியத்திலிருந்தும் விலக்கவோ, அதன் பலனை மறுக்கவோ, பாரபட்சமாக நடத்தவோ கூடாது என்பது அதன் சாரம்.

அந்த வாசகம் புதிதாக யோசித்து எழுதப்பட்டதன்று. நிறத்தின் பேரால் பாரபட்சம் காட்டலாகாது என்று 1964-ஆம் வருஷத்து சிவில் உரிமைச் சட்டம் விதித்திருந்ததை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, நிறம் இருந்த இடத்தில் ஊனத்தை வைத்து, காங்கிரஸ் சபையின் உத்தியோகஸ்தர்கள் சிலர் நகலின் கோடியில் சேர்த்துவிட்டார்கள். அதுவரை மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய சட்டங்கள் பெரும்பாலும் அவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தனவேயன்றி, அவர்களுடைய எந்த உரிமையைப் பறித்து வைத்திருக்கிறோம் என்று கேட்டதில்லை. மத்திய சர்க்காரின் பணத்தைத் தொடாத பொதுப் பள்ளிக்கூடத்தையோ, கலாசாலையையோ, ஆஸ்பத்திரியையோ அந்த நாட்டில் காண்பது அரிது. ஆகவே கை நீட்டிப் பணம் வாங்கியவன் நிபந்தனைக்கும் கட்டுப்பட வேண்டும் என்ற எளிய நியாயத்தால், பொது வாழ்க்கையின் பெரும் பகுதி அந்த ஒரு வாக்கியத்தின் அதிகாரத்துக்குள் வந்துவிட்டது.

வந்துவிட்டது என்பது காகிதத்தில்தான். தகுதியுள்ளவர் யார், மாடிப்படியும் பாரபட்சமா, ஒரு பள்ளி நிர்வாகம் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதையெல்லாம் விளக்கும் விதிகளை, சுகாதாரம், கல்வி, சமூகநலம் ஆகிய மூன்றையும் அந்நாளில் ஒருங்கே நிர்வகித்து வந்த இலாகா வெளியிட்டாலன்றிச் சட்டத்துக்கு உயிர் வராது. அந்த இலாகாவோ, நகலுக்கு மேல் நகல் எழுதுவதும், செலவைக் கணக்கிடுவதும், அபிப்பிராயம் கோருவதுமாக நாலு வருஷ காலத்தைக் கடத்தியது. விதிகளை வெளியிட்டே தீர வேண்டும் என்று 1976-இல் கோர்ட்டு உத்தரவிட்டும் காரியம் நடக்கவில்லை. கார்ட்டர் ஜனாதிபதியானதும் மந்திரிப் பதவி ஏற்ற ஜோசப் கலிஃபானோ, தாம் புதிதாக வந்தவராதலால் எல்லாவற்றையும் மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றார். ஆட்சி மாறினால் கோப்புகளும் முதலிலிருந்து பயணம் தொடங்குவது எந்த தேசத்திலும் உள்ள வழக்கம்தான் போலும். பொறுமை இழந்த மாற்றுத்திறனாளிகளின் கூட்டமைப்பு, ஏப்ரல் 4-ஆம் தேதிக்குள் கையெழுத்தாகாவிட்டால் இலாகாவின் காரியாலயங்களுக்குள் புகுந்து உட்கார்ந்துவிடுவதாகத் தவணை வைத்தது.

1977 ஏப்ரல் 5-ஆம் தேதி பல நகரங்களில் அவ்வாறே உட்கார்ந்தார்கள். வாஷிங்டனில் உணவு உள்ளே போகாதபடி தடுத்ததால் மறுநாளே கலைய நேர்ந்தது. ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் மட்டும், சுமார் நூற்றைம்பது பேர், ஐக்கிய நாடுகள் சதுக்கத்தில் உள்ள சர்க்கார் கட்டிடத்தின் நான்காம் மாடியை விட்டு அந்த மாதம் 30-ஆம் தேதி வரை நகரவில்லை. இரவில் புரண்டு படுக்கவும் பிறர் கை வேண்டியவர்கள், வேளை தவறாமல் மருந்து உட்கொள்ள வேண்டியவர்கள், மாற்று உடைகூட இல்லாமல் ஆபீஸ் தரையில் படுத்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் விளங்கும். மருந்துகள் கெடாமல் இருப்பதற்காகக் குளிர்சாதன இயந்திரத்தின் வாயில் ஓர் அட்டைப் பெட்டியை ஒட்டி வைத்தார்கள். டெலிபோன் துண்டிக்கப்பட்டபோது, காது கேளாதவர்கள் ஜன்னலருகே நின்று சைகை மொழியில் வெளியே இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். காது கேட்பவர்கள் செய்வதறியாது விழித்த இடத்தில் அவர்கள் பாடு சுலபமாயிற்று. கருஞ்சிறுத்தைக் கட்சியைச் சேர்ந்தவரும், நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கியவருமான பிராட் லோமாக்ஸ் உள்ளே இருந்தமையால், அக்கட்சியினர் சூடான சாப்பாடு கொண்டுவந்து எல்லோருக்கும் பரிமாறினார்கள். நகர மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி மெத்தைகள் அனுப்பினார்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர்களுள் ஜூடித் ஹியூமன் ஒருவர். இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்த அவரை, ஐந்து வயதில், சக்கர நாற்காலி தீ விபத்தின்போது இடைஞ்சலாகும் என்று சொல்லி நியூயார்க்கின் பொதுப் பள்ளி சேர்த்துக்கொள்ள மறுத்தது. பதிலாக வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஓர் ஆசிரியை வீட்டுக்கு வந்து போனார். பிறகு அவரே படித்து உபாத்தியாயினியாக விரும்பியபோது, நெருப்புப் பிடித்தால் குழந்தைகளை எப்படி வெளியேற்றுவீர்கள் என்ற அதே நெருப்பைக் காட்டி உரிமம் மறுத்தார்கள். 1970-இல் அவர் வழக்குத் தொடுக்க, அது விசாரணைக்கு வந்தது கறுப்பினப் பெண்களில் முதன்முதலாக மத்திய நீதிபதியான கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லியிடம். கல்வி வாரியம் இறங்கி வந்தது. அந்த ஹியூமன்தான், போராட்டக் கட்டிடத்துக்குள்ளேயே காங்கிரஸ் அங்கத்தினர்கள் நடத்திய விசாரணையில், விதிகளில் இலாகா செய்யக் கருதிய மாற்றங்களை 'தனியே, ஆனால் சமமாக' என்ற ரீதியில் விளக்கிவிட்டு, எதிர்ப்பவர்களின் பேச்சுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த இலாகாப் பிரதிநிதியை நோக்கி, நாங்கள் சொல்வது புரியாதபோது தலையாட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள் என்று குரல் தழுதழுக்கச் சொன்னவர். கறுப்பினக் குழந்தைகள் விஷயத்தில் 'தனியே, ஆனால் சமமாக' என்ற அந்தச் சித்தாந்தத்தை 1954-இலேயே சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டிருந்தது. ஏப்ரல் 28-ஆம் தேதி கலிஃபானோ கையெழுத்திட்டார்.

விதிகள் சொல்வது இதுதான்: பணம் பெறும் பொதுப் பள்ளி ஒவ்வொன்றும், குழந்தையின் நிலைக்குத் தக்க கல்வியை, கட்டணமின்றி, கூடியவரை மற்றக் குழந்தைகளோடு சேர்த்தே அளிக்க வேண்டும். நீரிழிவு உள்ள சிறுவன் வகுப்பிலேயே ரத்தத்தைப் பரிசோதித்துத் தின்பண்டம் சாப்பிடலாம். எழுத்துக் கூட்டுவதில் சிரமப்படும் சிறுமிக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு. காது கேளாத பெற்றோர் ஆசிரியரைச் சந்திக்க வந்தால் சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் பொறுப்பு. எல்லாப் பழைய கட்டிடங்களையும் இடித்துக் கட்டச் சொல்லவில்லை. மாடியில் நடக்கும் விஞ்ஞான வகுப்பைக் கீழே மாற்றினாலும் போதும். ஆனால் 1978-இல் இலாகா வெளியிட்ட விளக்கம் ஒன்று, மாணவனை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதை, மிக அபூர்வமான சந்தர்ப்பங்கள் தவிர, ஏற்க முடியாது என்று அறிவித்தது. தூக்கிவிடுவதைப் பரோபகாரமாகவே எண்ணிப் பழகிய நமக்கு இது சற்று விநோதமாகத் தோன்றலாம். தூக்குகிறவனுக்கு அது புண்ணியம். தூக்கப்படுகிறவனோ, இன்று யாருக்கு மனம் இரங்கும் என்று தினமும் படிக்கட்டின் அடியில் காத்திருக்க வேண்டும்.

இவ்விஷயம் பின்னர் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. மத்திய சர்க்காரின் பணம் பெற்றாலும் பெறாவிட்டாலும் மாகாண, நகர நிர்வாகங்களின் எல்லாக் காரியங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1990 ஜூலை 26-இல் பிறந்திருந்தது. டென்னஸ்ஸி மாகாணத்தில், சக்கர நாற்காலியில் இயங்கிய ஒருவர் தம்மேல் இருந்த வழக்குக்காக மின்தூக்கி இல்லாத கோர்ட்டுக் கட்டிடத்தின் படிகளில் முதல் தடவை தவழ்ந்து ஏறினார். அடுத்த தடவை தவழவும் மாட்டேன், சிப்பந்திகள் தூக்கவும் சம்மதியேன் என்றார். ஆஜராகவில்லை என்று அவரைக் கைது செய்தார்கள். அவர் மாகாணத்தின்மீது வழக்குத் தொடுக்கலாம் என்று 2004-இல் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழையில் தீர்ப்பாயிற்று.

உரிமைக்கு வரம்பும் உண்டு. செவிலியர் படிப்பில் சேர விரும்பிய காது மந்தமான பெண் ஒருவரின் வழக்கில், பாடத்திட்டத்தின் அடிப்படையையே மாற்றும்படி கலாசாலையைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1979-இல் கோர்ட்டு கூறிவிட்டது. நியாயமான அளவுக்கு வசதி செய்து தர வேண்டும் என்ற கருத்தோ, 2006-ஆம் வருஷத்து ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையிலும், இந்தியாவின் 2016-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் இடம்பெற்றுவிட்டது.

புகார் உள்ள பெற்றோர் அமெரிக்காவில் வக்கீல் வைக்காமலே, செலவின்றி, சம்பவம் நடந்த 180 நாட்களுக்குள் கல்வி இலாகாவின் சிவில் உரிமை அலுவலகத்துக்கு எழுதலாம். எழுதினால் வாசிக்க ஆள் வேண்டுமே! அந்த அலுவலகத்தின் பன்னிரண்டு பிராந்தியக் கிளைகளில் ஏழினை மூடுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். அதற்கு மூன்று மாதம் கழித்து சுப்ரீம் கோர்ட்டிலிருந்து வேறு விதமான செய்தி வந்தது. காலை வேளைகளில் வலிப்பு அடிக்கடி வருவதால் நண்பகலுக்குமுன் பள்ளிக்கு வர இயலாத மின்னஸோட்டாச் சிறுமி ஒருத்தி, தான் முன்பு இருந்த ஊரில் பெற்றதைப்போல மாலையில் பாடம் கேட்டாள். புதிய பள்ளி நிர்வாகம் மறுத்து, மற்றக் குழந்தைகளுக்கு ஆறரை மணி நேரமும் அவளுக்கு நாலேகால் மணி நேரமும் என்று நிறுத்திக்கொண்டது. அவள் தரப்பில் வழக்குத் தொடுத்தார்கள். நஷ்டஈடு கோரினால், நிர்வாகம் கெட்ட எண்ணத்தோடு நடந்தது என்றோ, படுமோசமாகத் தவறியது என்றோ நிரூபிக்க வேண்டும் என்று பள்ளி வழக்குகளுக்கு மட்டும் கீழ்க் கோர்ட்டுகள் சில வைத்திருந்த கடுமையான அளவுகோலை, ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாக அகற்றினார்கள். வழக்கு மறு விசாரணைக்காகக் கீழே அனுப்பப்பட்டது.