ஒரே முகவரி, இரண்டு வீடுகள்



காந்தி நகர் இல்லாத ஊர் நம் பக்கத்தில் அபூர்வம். "காந்தி நகர், முதல் வீதி, 4-ம் நம்பர்" என்றால் உள்ளூரில் போதும். ஊரும் பின்கோடும் எழுதாமல் வெளியூரிலிருந்து அனுப்பினால் கடிதம் வழிதப்பும். ஆஸ்பத்திரிக் கணினிகளுக்கும் இதே நிலைமைதான்.

வலையிலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி தேவை. வழக்கமான முகவரியில் நான்கு எண்கள்; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஆக மொத்தம் சுமார் 429 கோடிதான். உலகத்துக்கு இது போதாது. ஆகையால் 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்னும் ஏடு, யாரிடமும் கேளாமல் எவரும் உள்வலையில் உபயோகிக்கத்தக்க மூன்று தொகுதிகளைக் குறிப்பிடுகிறது:

10.0.0.0 முதல் 10.255.255.255 வரை: 1,67,77,216 முகவரிகள்.
172.16.0.0 முதல் 172.31.255.255 வரை: 10,48,576.
192.168.0.0 முதல் 192.168.255.255 வரை: 65,536.

இவை இன்டர்நெட்டில் செல்லா. வெளியே போகும்போது ரூட்டர் தன் பொது முகவரியை இட்டு அனுப்புகிறது. பொது முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ல் பங்கிட்டு முடிந்துபோனது. உள்முகவரிகள் இருப்பதால்தான் இன்னும் சமாளிக்கிறோம்.

எதைத் தெரிந்துகொள்வது? கடையில் வாங்கும் ரூட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்றே தொடங்கும். ஆஸ்பத்திரியிலும் அதையே வைத்தோமானால், ராத்திரியில் டாக்டர் தம் வீட்டிலிருந்து வி.பி.என். வழியாக ஒரு நோயாளியின் எக்ஸ்ரேயைத் திறக்கும்போது சிக்கல் வரும். கேட்கும் முகவரி தன் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று அவருடைய கணினி நினைத்து, அங்கேயே தேடிக்கொண்டிருக்கும். படம் வராது; நோயாளி காத்திருப்பார். பவானியிலும் கோபியிலும் உள்ள கிளைகளை ஈரோட்டோடு இணைக்கும்போதும் இதே மோதல்தான்.

ஆகவே 10-ம் தொகுதியில், பிறர் அதிகம் எடுக்காத ஓர் இரண்டாம் எண்ணைத் தெரிந்துகொள்வது நல்லது. உதாரணமாக 10.87 என்று வைத்து, மூன்றாம் எண்ணை இடத்துக்கு ஒதுக்கலாம்: ஈரோட்டுக்கு 1, பவானிக்கு 2, கோபிக்கு 3. ஓரிடத்துக்கு 254 கருவிகள் வரை இடமுண்டு. 172-ல் எடுப்பவர்கள் 31-ஐத் தாண்டக் கூடாது. அதற்கப்பால் பிறருடைய பொது முகவரிகள்.

எந்த எண் யாருக்கு என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது மிக அவசியம். பத்துக் கணினிகள் இருக்கையில் ஒரு சாயங்காலத்தில் முடிகிற இந்த வேலை, இருநூறு ஆனபின் ஆஸ்பத்திரி வேலையையே நிறுத்திவிடும்.