க்ஷேத்திர யாத்திரை – 11: காசி நகரத்துக் கொத்தவால்

காசி என்றதும் விசுவநாதர், விசாலாக்ஷி, அன்னபூரணி என்னும் மூன்று திருநாமங்களே நம்மவர் நாவில் முதலில் எழுவது இயல்பு. ஆயினும் அந்நகரத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு படகோட்டியையோ பூக்காரரையோ விசாரித்தால், விசுவநாதர் ராஜாதான், ஆனால் ஊரைக் கட்டி ஆளுகிற அதிகாரி வேறொருவர் என்று சொல்லி, விசுவேசுவரகஞ்ச் பக்கத்துச் சந்து ஒன்றைக் கைகாட்டுவார். அச்சந்தினுள் கோயில் கொண்டிருப்பவர் காலபைரவர். முகம்மதிய அரசர்கள் காலத்தில் நகரக் காவலையும் தண்டனையையும் ஏற்று நடத்திய உத்தியோகஸ்தருக்குக் கொத்தவால் என்று பெயர். சென்னையில் கொத்தவால் சாவடிக்குக் காய்கறி வாங்கப் போனவர்களுக்கு அந்தப் பெயர் புதிதன்று. அந்த உத்தியோகத்தையே காசி மக்கள் தங்கள் தெய்வத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம் புதுச்சேரியிலிருந்து யாத்திரை புறப்படுகிறவர்களுக்கும், கங்கா ஸ்நானமும் விசுவநாத தரிசனமும் ஆனாலும் பைரவரிடம் உத்தரவு பெறாமல் ஊர் திரும்பலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியனுப்புவது வழக்கம்.

இவர் இந்தப் பதவிக்கு வந்த வரலாறு, உத்தியோக வரலாறுகளிலெல்லாம் விசித்திரமானது. ஸ்காந்த புராணத்தில் அடங்கிய காசிகாண்டம் அதை விரித்துரைக்கிறது. அந்நூலைத் தென்காசியிலிருந்து அரசாண்ட அதிவீரராம பாண்டியர் பதினாறாம் நூற்றாண்டில் தமிழ்ச் செய்யுளாக்கித் தந்திருப்பதால், வடமொழி அறியாதவர்க்கும் அது எட்டாக் கனியன்று. பரம்பொருள் யார் என்ற வாதத்தில் பிரமதேவனுடைய ஐந்தாவது தலை சிவபெருமானை இகழ்ந்து பேச, அப்பெருமானுடைய சினத்தினின்றும் தோன்றிய பைரவர் இடக்கை நகத்தால் அத்தலையைக் கிள்ளினார். கிள்ளிய தலை கையைவிட்டு அகலவில்லை. பிரமஹத்தி ஒரு பெண்ணுருக் கொண்டு பின்தொடர, அந்தக் கபாலத்தையே பிச்சைப் பாத்திரமாக ஏந்தி அவர் உலகெங்கும் இரந்து திரிந்தார். காசியின் எல்லைக்குள் அடி வைத்த மாத்திரத்தில் பிரமஹத்தி அலறிக்கொண்டு பாதாளத்தில் ஆழ்ந்தது, கபாலமும் கையிலிருந்து நழுவி விழுந்தது. விழுந்த இடம் கபாலமோசன தீர்த்தம். தலை கொய்த சம்பவத்தை மட்டும் நம் தமிழகத்தார் வடநாட்டுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. தஞ்சைக்கு அருகே காவிரி நாட்டுத் திருக்கண்டியூரில்தான் அது நிகழ்ந்ததென்று கொண்டு, அவ்வூரை அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றுகிறார்கள்.

சிவன் ஏவிய காரியத்தைத்தானே செய்தார், அவருக்கு ஏன் பாவம் ஒட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் புராணிகர்கள் சொல்லும் சமாதானம், உலகத்துக்கு வழிகாட்டவே அவர் விரதம் மேற்கொண்டார் என்பது. எனக்கோ அந்தச் சமாதானத்தைவிடக் கதையின் கட்டுக்கோப்பே அதிகம் பேசுவதாகத் தோன்றுகிறது. குற்றம் சுமந்தவர், அதன் பலனைக் கடைசிவரை அனுபவித்தவர், பிச்சை எடுத்தவர், விடுதலையும் பெற்றவர். அப்படிப்பட்ட ஒருவரையே அழைத்து, இனி இந்த நகரத்துப் பாவிகளை விசாரிக்கும் பொறுப்பு உன்னுடையது என்று கொடுத்திருக்கிறார் இறைவர். தண்டனை இன்னதென்று தன் உடம்பிலே அறிந்தவரிடம் தண்டம் ஒப்படைக்கப்பட்டது. மனிதர் நடத்தும் கச்சேரிகளில் இந்த யோக்கியதாம்சம் எந்த உத்தியோகத்துக்கும் கேட்கப்படுவதில்லை.

அவருடைய அதிகாரத்தின் எல்லையும் கவனிக்கத்தக்கது. காசியில் உயிர்விட்டவர்க்கு முக்தி நிச்சயம். அங்கே யமனுக்கு அதிகாரம் கிடையாது. அப்படியானால், ஆயுள் முழுதும் அக்கிரமம் செய்துவிட்டுக் கடைசி நாட்களில் காசிக்கு வந்து கண்மூடுகிறவன் தப்பித்துக்கொள்வானே என்ற ஆக்ஷேபம் எழுமல்லவா? அதற்கு விடையாகத்தான் பைரவி யாதனை என்ற ஒன்றைச் சொல்கிறார்கள். பல பிறவிகளில் அனுபவிக்க வேண்டிய துன்பமெல்லாம் ஒரு க்ஷணப் பொழுதில் சுருங்கி, பைரவர் முன்னிலையில் தீர்க்கப்பட்டு, அதன் பிறகே முக்தி. அருளுக்கும் நீதிக்கும் நேர்ந்த வழக்கை இவ்வளவு சாதுரியமாகத் தீர்த்த சாஸ்திரகாரரை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

கோயிலோ பெரியதன்று. குறுகலான சந்தின் இருமருங்கும் கறுப்புக் கயிறும் கடுகெண்ணெயும் பூமாலையும் விற்கும் கடைகள். அவற்றைக் கடந்து, இடித்து நெருக்கும் ஜனங்களோடு ஜனமாக உள்ளே போனால், மாலைகளுக்கு நடுவே வெள்ளிக் கவசமிட்ட முகம் மட்டுமே கண்ணுக்குப் புலப்படும். மது நிவேதனம் இங்கே மறைவாக நடப்பதன்று. வாகனமாகிய நாயை ஒருவரும் விரட்டுவதில்லை. பண்டாக்கள் மயிற்பீலிக் கட்டினால் பக்தர்களுடைய தலையிலும் முதுகிலும் தட்டி அனுப்புகிறார்கள். கொத்தவால் கைத் தண்டம் அவ்வளவு மெத்தென்று விழுவதைக் கண்டு சிரிக்கிறவர்களும் உண்டு, கண் கலங்குகிறவர்களும் உண்டு. அங்கே கட்டிவிடும் கறுப்புக் கயிறுதான் நம்மூர்ப் பிள்ளைகளின் மணிக்கட்டில் காணும் காசிக் கயிறு. பக்கத்திலேயே சர்க்காருடைய கொத்தவாலி காவல் நிலையம் இருக்கிறது. அதில் தலைமை அதிகாரிக்குரிய நாற்காலியைப் பைரவருக்கென்று ஒதுக்கிவிட்டு, அதிகாரி வேறொரு நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பது நெடுநாளைய சம்பிரதாயம்.

தமிழ்நாட்டுக்கு இவர் அந்நியரல்லர். திருச்சேறைப் பதிகத்தில் அப்பர் சுவாமிகள் சூலமும் உடுக்கையும் ஏந்திய காலபைரவரைப் பாடியிருக்கிறார். நம் சிவாலயங்களில் வடகிழக்கு மூலையில், ஆடையின்றி, நாயோடு நிற்கும் இவர் சந்நிதியில் அர்த்தஜாம பூஜை முடிந்தபின் கோயிற் சாவியை வைத்து எடுப்பது பழைய மரபு. தேய்பிறை அஷ்டமியில் செவ்வரளி மாலையும் வடைமாலையும் சாற்றி, மிளகு முடிச்சிட்டு நல்லெண்ணெய் விளக்கேற்றுவதற்குக் கூடும் கூட்டம் இக்காலத்தில் வருஷத்துக்கு வருஷம் பெருகி வருகிறது. கடன் தீரவும் பொன் பெருகவும் வேண்டுகிறவர்களே அதில் மிகுதி. வேண்டுவதில் பிழையில்லை, ஆனால் கணக்குக் கேட்கிற அதிகாரியிடமே போய்க் கடன் கேட்கும் நம் சாமர்த்தியம் வியக்கத்தக்கதுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் புதுச்சேரித் தமிழ்ப் பட்டணத்தின் காவலுக்கு நயினார் என்ற அதிகாரி இருந்ததையும், சேவகர்களோடு அவர் ஊரைச் சுற்றியதையும், வழக்குகள் சாவடியில் தீர்க்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் படிக்கிறோம். அதே நாட்குறிப்பில்தான் 1748 செப்டம்பரில் நிகழ்ந்த கொடுமையும் பதிவாகியிருக்கிறது. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த சமயம், கவர்னர் துய்ப்ளேயின் உத்தரவின்படி, இன்று சம்பா கோயில் என்று நாம் வழங்கும் மாதா கோயிலுக்குப் பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் ஆலயம் கடப்பாரை கொண்டு இடிக்கப்பட்டது. சேவகர்கள் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். எதற்கென்றால், இடிப்பவர்களைக் காப்பதற்கு. கோயிலார் எடுத்துப் போகக்கூடிய மூர்த்திகளைக் காளத்தீசுவரன் கோயிலுக்குக் கொண்டு சேர்க்க நேர்ந்தது. கவர்னருக்கு மொழிபெயர்ப்பாளராகிய துபாஷ் பதவியில் இருந்த பிள்ளையாலும் அதைத் தடுக்க இயலவில்லை. மனம் நொந்து எழுதி வைத்தார்.

அப்போது க்ஷேத்திரபாலராகிய பைரவர் எங்கே போனார் என்ற கேள்வி அன்றும் கேட்கப்பட்டிருக்கும். காசியிலும் 1669-இல் ஔரங்கசீப்பின் ஆணையால் விசுவநாதர் ஆலயம் இடிபட்டபோது கேட்கப்பட்டிருக்கும். காசிகாண்டத்தைப் புரட்டிப் பார்த்தால், மதிலுக்கும் கோபுரத்துக்கும் காவலிருக்கும் வேலை பைரவருக்கு எங்கும் விதிக்கப்படவில்லை; அங்கு வாழ்கிறவர், சாகிறவர் ஆகியோருடைய வினைக்கணக்கே அவர் பொறுப்பு. கல்லும் சுண்ணாம்பும் மனிதர் பொறுப்பு. அதை மனிதர் ஏற்கவும் செய்தார்கள்: காசியில் மராட்டியப் பெருமாட்டி அகலியாபாய் பதினெட்டாம் நூற்றாண்டில் விசுவநாதருக்கு மீண்டும் ஆலயம் எழுப்பினார், புதுச்சேரியில் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய ஈசுவரன் கோயில் வீதியில், ஊரார் பொருள் சேர்த்து வேதபுரீசுவரரை மறுபடி எழுந்தருளச் செய்தார்கள்.

நம் ஊர் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பின்னாளில் குடியிருந்தவர் ஒருவர் காசியை நன்கறிந்தவர். 1898 முதல் சில வருஷம் அனுமந்த கட்டத்தில் அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் படித்த சுப்பிரமணிய பாரதியார், 1908-இல் இங்கு வந்து பத்தாண்டு வாழ்ந்தபோது, ஆங்கில சர்க்காரின் ரகசியப் போலீசார் அவர் வீட்டையும் நடையையும் கண்காணித்து வந்தார்கள். கொத்தவால்களில் எத்தனையோ ரகம்!

காசிப் பைரவர் ஒருவரால் மட்டும் இவ்வளவு வேலையும் ஆகாது என்றுதானோ என்னவோ, தண்டபாணி என்ற துணையதிகாரி ஒருவரும் காசியில் நியமனம் பெற்றிருக்கிறார். இவர் நம் பழனியாண்டவர் அல்லர்; ஹரிகேசன் என்ற பெயரோடு யக்ஷ குலத்தில் பிறந்து, தந்தையின் செல்வத்தை உதறிக் காசிக்கு ஓடிவந்து தவமிருந்தவர். தகாதவர்களுடைய புத்தியைக் குழப்பி, அவர்களாகவே மூட்டை கட்டிக்கொண்டு காசியை விட்டுப் போகும்படி செய்வதற்கென்று அவர் கீழ் சம்பிரமன், உத்பிரமன் என்று இரண்டு சேவகர்கள் வேறு. அவர்கள் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)