குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள்!
'மினியேச்சர் டாஷ்ஹண்ட்' வாங்குவோருக்குச் சில யோசனைகள்

ஊரில் இருக்கும்போது நாய் வளர்ப்பது ஒரு பெரிய காரியமாகவே தோன்றாது. வாசலில் கிடக்கும். மிஞ்சிய சோற்றைத் தின்னும். புது ஆள் வந்தால் குரைக்கும். மும்பைக்கு வந்து, ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டில் குடித்தனம் நடத்தும்போதுதான், நாய் வளர்ப்பது எவ்வளவு யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் என்பது புரியும்.

பிள்ளைகள் விடுவதில்லை. "பெரிய நாய்க்கு இடம் இல்லை, சின்ன நாயாக ஒன்று வாங்கலாம்" என்று அப்பா இறங்கி வருகிறார். அப்படித் தேடும்போது பலருடைய மனதைக் கவர்வது, நீண்ட உடம்பும் குட்டைக் கால்களும் கொண்ட 'மினியேச்சர் டாஷ்ஹண்ட்'.

அதை எங்கே வாங்குவது? எப்படிப் பார்த்து வாங்குவது?

வளைக்குள் புகும் வேட்டை நாய்

டாஷ்ஹண்ட், ஜெர்மனி நாட்டு நாய். அங்கே 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர் என்னும் வளை தோண்டி வாழும் விலங்கு. 'ஹுண்ட்' என்றால் நாய். வளைக்குள் புகுந்து வேட்டையாடுவதற்காகவே குட்டைக் கால்களோடு வளர்க்கப்பட்ட இனம் இது. முயல் போன்ற சிறு பிராணிகளின் வளைக்குள் நுழைவதற்காக இன்னும் சிறிதாக உருவாக்கப்பட்டதுதான் மினியேச்சர்.

1972-ம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டியின் சின்னம் கூட 'வால்டி' என்ற டாஷ்ஹண்ட் நாய்தான்!

உருவம் சிறிதே தவிர, குணம் வேட்டை நாயின் குணம். வாசல் மணி அடித்தால் குரைக்கும். சொன்ன பேச்சைக் கேட்க யோசிக்கும். பொம்மை போல மடியில் கிடக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாந்து போவார்கள்.

முதுகுதான் பலவீனம்

இதன் குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை, அமெரிக்க விஞ்ஞானிகள் 2009-ம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். இதைப் போன்ற இன்னொரு மரபணு மாற்றம், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டுகளை இளமையிலேயே கெட்டிப்படுத்தி விடுகிறது. அந்தத் தட்டு ஒருநாள் பிதுங்கி நரம்பை அழுத்தினால், நேற்று வரை துள்ளிய நாய் இன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும்.

டாஷ்ஹண்ட் நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இந்தத் தொல்லை வருகிறது. அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவு, குமாஸ்தா சம்பளம் தாங்கக் கூடியது அல்ல.

ஆகவே, "குட்டி அழகாக இருக்கிறதா?" என்பது முதல் கேள்வி அல்ல. "இதன் தாய்க்கும் தகப்பனுக்கும் முதுகு எப்படி?" என்பதே முதல் கேள்வி.

தாய் எங்கே?

"தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால், மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம்" என்பது நம் ஊர்ப் பழமொழி. நாய் வாங்குவதற்கும் அதுவே வழி.

கூண்டில் அடைத்து விற்கும் இடத்தில் தாயைக் காட்ட மாட்டார்கள். போனில் படத்தை அனுப்பி, "முன்பணம் போடுங்கள், குட்டி வீடு தேடி வரும்" என்பவரிடம் தாயும் இருக்காது. சில சமயம் குட்டியே இருக்காது! இப்படிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பலர்.

வீட்டிலேயே வைத்து வளர்க்கும் பொறுப்பானவர், "வந்து பாருங்கள்" என்று தாமாகவே அழைப்பார். போய்ப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

தாய் நாய் குட்டிகளோடு இருக்கிறதா? பயந்து ஒதுங்குகிறதா, வாலாட்டி வருகிறதா? கிடக்கும் இடம் சுத்தமாக இருக்கிறதா? குட்டிகள் ஆள் அரவம் கேட்டால் ஓடி வருகின்றனவா? கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியாமல் இருக்கிறதா?

தகப்பன் நாய் வேறு வீட்டில் இருக்கலாம், அது தவறல்ல. அதன் படத்தையும் பதிவுச் சீட்டையும் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் என்ன வயது, முதுகு வலி வந்தது உண்டா என்று கேளுங்கள்.

'மினியேச்சர்' என்ற வாக்கையும் இங்கேதான் சோதிக்க வேண்டும். எட்டு வார வயதில் எல்லாக் குட்டியும் சின்னதுதான். மினியேச்சர் டாஷ்ஹண்ட், வளர்ந்த பிறகு சுமார் 5 கிலோ இருக்கும். தாயே 9 கிலோ இருந்தால், மினியேச்சர் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

புள்ளி புள்ளியான நிறத்துக்கு மயங்குபவர்கள் உண்டு. தாய், தகப்பன் இரண்டுமே அந்த நிறமாக இருந்தால், சில குட்டிகள் குருடாகவோ செவிடாகவோ பிறக்கலாம். பொறுப்பானவர் அப்படி இணை சேர்க்க மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பதற்கு மத்திய அரசு 2017-ம் ஆண்டு விதிகள் வகுத்தது. வீட்டில் வளர்த்து விற்பவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பெண் நாய்க்கு 18 மாதம் ஆகும் முன் இணை சேர்க்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது.

"30 நாள் குட்டி, உடனே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அங்கே நிற்க வேண்டாம். தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கும் அந்த நாட்களில்தான், எவ்வளவு கடிக்கலாம், எப்போது அடங்க வேண்டும் என்று குட்டி கற்கிறது.

அவரும் கேள்வி கேட்பார்!

நல்லவரை அடையாளம் காண இன்னொரு வழி இருக்கிறது. நீங்கள் அவரைக் கேள்வி கேட்பதைவிட, அவர் உங்களை அதிகம் கேட்பார்.

"எத்தனையாவது மாடி? லிப்ட் உண்டா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? சொந்த வீடா, வாடகையா?"

இதற்குக் கோபப்படக் கூடாது. தினமும் நாலு மாடிப் படி ஏறி இறங்குவதும், கட்டிலில் இருந்து குதிப்பதும் இந்த நாயின் முதுகுக்கு ஆகாது. தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியிலும், மறு கை பின்பக்கத்துக்கு அடியிலும் இருக்க வேண்டும். உடம்பு பெருக்கவும் விடக் கூடாது.

வீடு 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தில் இருந்தால், நாய் வளர்க்கலாமா என்று முதலிலேயே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

கையில் வாங்க வேண்டிய காகிதங்கள்

தடுப்பூசி அட்டை, பூச்சி மருந்து கொடுத்த தேதிகள், பணத்துக்கு ரசீது ஆகிய மூன்றும் அவசியம். பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோய் குட்டிகளைச் சில நாளில் கொன்றுவிடும். முதல் ஊசியோடு நின்றுவிடாமல், குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை டாக்டர் சொல்லும் தவணைகளில் போட வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாவது மாதத்தில். மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் மும்பையில், எலிக்காய்ச்சல் ஊசியையும் விட்டுவிடக் கூடாது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆப் இந்தியாவின் சான்றிதழ் இருந்தால், அது வம்சாவளிக்குச் சாட்சி. உடல் நலத்துக்குச் சாட்சி அல்ல. அதற்குக் கால்நடை டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

ஊருக்குப் போகும்போது?

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் குடும்பத்தோடு ஊருக்குப் போவது நம் வழக்கம். ரெயிலில் ஸ்லீப்பர் வகுப்பிலும், மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நாயை உடன் கொண்டுபோக அனுமதி இல்லை. முதல் வகுப்பு ஏ.சி.யில் ஒரு அறையை முழுவதுமாக எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் ஏற்ற வேண்டும். ஆகவே, பார்த்துக்கொள்ள ஒரு நல்ல பக்கத்து வீட்டுக்காரர் தேவை.

டாஷ்ஹண்ட் 12 முதல் 15 ஆண்டு வாழும். இன்று ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை கல்லூரிக்குப் போகும்வரை அது உங்கள் வீட்டில் இருக்கும்.

"உங்களால் வளர்க்க முடியாமல் போனால், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், எனக்கே திருப்பித் தாருங்கள்" என்று சொல்பவரிடம் குட்டி வாங்குங்கள். "இந்த ஈற்றில் எல்லாம் போய்விட்டது, அடுத்த வருடம் வாருங்கள்" என்று அவர் சொன்னால், காத்திருங்கள். பதினைந்து வருட உறவுக்கு ஒரு வருடம் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.