மர்மப் பெட்டியும் மலிவுக் கடையும்

காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு வீடுகளுக்கு வந்து சேரும் மாசி, பங்குனி மாதங்களில் எமது கிராமத்து ஒழுங்கைகளில் கூரியர் மோட்டார் சைக்கிள்களின் ஓட்டம் அதிகரித்துவிடுகிறது. முன்னர் தபாற்காரரின் மணிச்சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தவர்கள் இன்று ‘பார்சல் தம்பி’யை எதிர்பார்த்துப் படலையில் நிற்கிறார்கள். அவர் கொண்டுவரும் பொதிகள் பெரும்பாலும் இரண்டு வகைப்பட்டவை. ஒன்று, கைத்தொலைபேசியில் படம் பார்த்து, விலை பார்த்து, மலிவாயிருக்கிறதே என்று சொல்லி அனுப்பிய பொருள். மற்றையது, உள்ளே என்ன இருக்கிறதென்று வாங்குபவருக்கே தெரியாத ‘மர்மப் பெட்டி’. இவ்விரண்டில் எது கேடு, எது பரவாயில்லை என்று மாதர் சங்கக் கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அச்சங்கத்தின் அங்கத்தவரான ஒரு தாய், கோழிக்கூட்டுக்கு வலைக்கம்பி வாங்குவதற்கெனச் சுழல்நிதியிலிருந்து 15,000 ரூபா கடன் பெற்றிருந்தார். அதில் 7,500 ரூபாவுக்கு மூன்று மர்மப் பெட்டிகளை வாங்கிவிட்டார். முகநூலில் வந்த விளம்பரத்தில், பெட்டியைப் பிரித்து அதனுள்ளிருந்து புதிய கைத்தொலைபேசியை எடுக்கும் ஒருவரின் காணொளி இருந்தது. இவருடைய பெட்டிகளில் ஒரு சவர்க்காரத் தட்டும் தலைமுடிக் கிளிப்புகளும், ஓடாத ஒரு கைக்கடிகாரமும், சிப் இழுபடாத ஒரு கைப்பையும் இருந்தன. அழைத்துப் பார்த்தபோது இலக்கம் வேலை செய்யவில்லை. அடுத்த கிழமை அந்த முகநூற் பக்கமே இல்லாமற் போயிற்று.

கூட்டத்தில் சிலர் அவரைக் கடிந்துகொண்டார்கள். அவர் அழவில்லை. “பாதர், பள்ளிக்கூடத்தில பாடமெல்லாம் போனிலதான் அனுப்பினம். 45,000 ரூபாவுக்கு நான் எங்க போறது? 2,500 எண்டால் ஒரு நாள் கூலிதானே. ஒரு நாளையக் கூலியை விட்டுப் பாப்பம் எண்டு நினைச்சன்” என்றார். இதைப் பேராசை என்று தட்டிவிட என்னால் முடியவில்லை. சேமித்து எட்ட முடியாத தொலைவில் ஒரு பொருள் இருக்கும்போது, அதை எட்டக்கூடிய ஒரே வழியாகச் சீட்டிழுப்பு தோன்றுவது இயற்கை. லொத்தர் சீட்டுகள் வசதி படைத்தோரை விட வறியோரின் சட்டைப்பையிலேயே அதிகம் காணப்படுவதற்கும் காரணம் இதுவே.

மர்மப் பெட்டி புதிய கண்டுபிடிப்பன்று. யப்பானில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் புத்தாண்டுக் காலத்தில் பெரிய கடைகள் ‘புக்குபுக்குரோ’ என்ற அதிர்ஷ்டப் பைகளை விற்று வருகின்றன. பையின் விலை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். உள்ளிருக்கும் பொருட்களின் மொத்தப் பெறுமதி வழமையாக அவ்விலையிலும் கூடுதலாயிருக்கும். கடைக்காரருக்கு விற்காத சரக்குத் தீரும், வாடிக்கையாளருக்கும் பழுதில்லை. அதே கடை மறுநாளும் அதே தெருவில் திறந்திருக்கும் என்பதே அங்குள்ள உத்தரவாதம். முகநூற் பக்கத்துக்குத் தெருவுமில்லை, கதவுமில்லை.

அண்மைக் காலத்தில் இது பெருந்தொழிலாக வளர்ந்தது சீனாவிலாகும். பெய்ஜிங்கில் 2010இல் தொடங்கப்பட்ட பொப் மார்ட் நிறுவனம் சிறு பொம்மைகளை மூடிய பெட்டிகளில் விற்றுப் பெரும் பொருளீட்டியது. ‘லபூபு’ என்ற பல்லிளிக்கும் பொம்மை உலகமெங்கும் பரவியதும் இவ்வழியிலேதான். சில தொகுதிகளில் ‘இரகசியப் பொம்மை’ கிடைக்கும் வாய்ப்பு 72இல் ஒன்று. 2022 ஜனவரியில் கே.எப்.சி. உணவகம் சீனாவில் இந்நிறுவனத்துடன் சேர்ந்து உணவுப் பொதியோடு மர்மப் பொம்மைகளைக் கொடுத்தபோது, ஒரே ஆள் 10,494 யுவான் செலுத்தி 106 பொதிகளை ஒரே தடவையில் வாங்கினார். பொம்மைக்காக உணவை வாங்கி, அதைத் தின்னக் கூலிக்கு ஆள் பிடித்தவர்களும் இருந்தார்கள். உணவு வீணாகிறதென்று சீன நுகர்வோர் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2021 மே மாதத்தில், செங்டு நகரில் ஏறக்குறைய 160 நாய்க்குட்டிகளும் பூனைக்குட்டிகளும் பெட்டிகளில் அடைக்கப்பட்ட நிலையில் கண்டுபிடிக்கப்பட்டன. அவையும் ‘மர்மப் பெட்டி’களே. இவற்றின் பின்னர், 2023 ஜூனில் சீன அரசு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது: எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மர்மப் பெட்டி விற்கலாகாது, எப்பொருள் எந்த விகிதத்திற் கிடைக்கும் என்பதை விற்பவர் வெளியிட வேண்டும்.

இந்த இரண்டாவது விதியே முக்கியமானது. விகிதம் தெரிந்தால் கணக்குப் பார்க்கலாம். எமது கூட்டத்தில் அதைத் தீக்குச்சிகளைக் கொண்டு செய்து பார்த்தோம். ஊக்குவிப்பாளர்கள் தமது கிராமங்களிலும் செய்யலாம். நூறு குச்சிகளை எடுத்து, ஒன்றின் அடியில் சிவப்பும் ஒன்பதின் அடியில் நீலமும் பூசினோம். சிவப்பு 45,000 ரூபாவுக்கான கைத்தொலைபேசி. நீலம் 3,000 ரூபாப் பொருள். மிகுதித் தொண்ணூறும் 500 ரூபாச் சாமான். எல்லாம் சேர்த்து 1,17,000 ரூபா. பெட்டியொன்று 2,500 ரூபா என்றால் நூறு பெட்டிக்கும் நாம் கொடுப்பது 2,50,000 ரூபா. அதாவது, கொடுக்கும் ஒவ்வொரு 2,500 ரூபாவிலும் சராசரியாக 1,170 ரூபாதான் திரும்பி வருகிறது. அந்தச் சராசரியும் யாருடைய கைக்கும் வருவதில்லை. தொண்ணூறு பேருக்கு 500 ரூபாச் சாமான்தான்.

“கன தரம் வாங்கினால் ஒருநாள் விழும்தானே” என்று ஒருவர் கேட்டார். குச்சியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்கி, இப்படி நூறு தடவை எடுத்தாலும், நூறு பேரில் ஏறக்குறைய 37 பேருக்குச் சிவப்புக் குச்சி அகப்படாது. இது எழுத்திலே கணித்து வரும் விடை. கூட்டத்தில் முப்பது தடவை எடுப்பதற்குள்ளேயே சனத்துக்குச் சலித்துவிட்டது, அதுவும் ஒரு பாடமே. நாம் போட்ட விகிதம் தாராளமானது என்பதையும் சொல்ல வேண்டும். முகநூல் விற்பனையாளரின் குச்சிக்கட்டில் சிவப்பு இருக்கிறதா என்பதே எமக்குத் தெரியாது.

குருமடத்தில் உளவியல் படித்த காலத்தில் ஸ்கின்னர் என்ற அமெரிக்க அறிஞரின் புறாக்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். கொத்தும் ஒவ்வொரு தடவையும் தீனி விழுந்தால் புறா பசிக்கு மட்டும் கொத்தும். எப்போது விழுமென்று தெரியாமல் இடையிடையே விழுந்தால் ஓயாமற் கொத்திக்கொண்டேயிருக்கும். அன்று இதைப் பரீட்சைக்காக மனனம் செய்தேன். இன்று பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் காண்கிறேன்.

இனி மலிவுக் கடைக்கு வருவோம். இதில் வாங்குபவர் பொருளைத் தாமே தெரிவு செய்கிறார். படம் இருக்கிறது, அளவு இருக்கிறது, முன்னர் வாங்கியவர்களின் கருத்தும் இருக்கிறது. விலை குறைவாயிருப்பதற்கு மாயமேதுமில்லை: சீனத் தொழிற்சாலையிலிருந்து பொருள் நேரே வாங்குபவரின் முகவரிக்குப் புறப்படுகிறது, மொத்த வியாபாரி, இறக்குமதியாளர், சில்லறைக் கடைக்காரர் ஆகியோரின் பங்கு விழுவதில்லை. சில நாடுகளில் சிறு பொதிகளுக்கு வரிச் சலுகையும் இருந்தது. அமெரிக்காவில் 800 டொலருக்குட்பட்ட பொதிகள் தீர்வையின்றிச் சென்றன; சீனப் பொதிகளுக்கு 2025 மே 2ஆம் திகதியும், ஏனைய நாடுகளின் பொதிகளுக்கு 2025 ஓகஸ்ட் 29ஆம் திகதியும் அச்சலுகை நிறுத்தப்பட்டது.

இவ்வழியால் எமது மக்களுக்கு நன்மை இல்லையென்று நான் சொல்லமாட்டேன். கைத்தொலைபேசி திருத்தும் எமது இளைஞர் ஒருவர், நகரத்தில் தேடியும் கிடைக்காத சிறு கருவிகளை இப்படித்தான் எடுப்பிக்கிறார். தையல் செய்யும் பெண்கள் இயந்திரத்துக்கான உதிரிப்பாகங்களையும், தோட்டக்காரர்கள் சொட்டுநீர்க் குழாய்க்கான இணைப்புகளையும் எடுக்கிறார்கள். இவர்கள் தமக்கு வேண்டியது இன்னதென்று அறிந்து, அதை மட்டும் தேடிச் செல்பவர்கள். தொழில் தெரிந்தவருக்கு மலிவுக் கடை நல்லதொரு கடையே.

ஆனால் பொழுதுபோக்காக உள்ளே நுழைபவருக்கு அது வேறு முகத்தைக் காட்டுகிறது. 2022 செப்டெம்பரில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட டெமு போன்ற தளங்களில் சுழலும் சில்லு, பரிசுக் கழிவு, ‘இன்னும் பத்து நிமிடந்தான்’ என்று ஓடும் கடிகாரம் எல்லாம் உண்டு. பொருள்தான் மர்மமில்லை, விலையை மர்மமாக்கிவிட்டார்கள். புறாவின் கதை இங்கேயும் தொடர்கிறது. ஐரோப்பிய ஆணைக்குழு 2024 ஒக்டோபர் 31ஆம் திகதி டெமு மீது தொடங்கிய விசாரணையில், சட்டவிரோதப் பொருட்களின் விற்பனையோடு, ஆட்களை அடிமைப்படுத்தும் இந்த விளையாட்டு முறைகளும் விடயங்களாகச் சேர்க்கப்பட்டன. 2025 ஜூலையில் வெளியிட்ட முதற்கட்ட முடிவில், குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருட்கள், சிறு மின்பொருட்கள் ஆகியவற்றில் பாதுகாப்பு விதிகளுக்கு அமையாதவை வாங்குபவருக்கு எதிர்ப்படும் சாத்தியம் மிக அதிகமென்று கூறியது. தென்கொரியாவில் சியோல் நகர நிர்வாகம் 2024இல் செய்த பரிசோதனைகளில், ஷீயின் தளத்திலிருந்து எடுத்த ஒரு சோடிச் சப்பாத்தில், பிளாஸ்ரிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தலேற்று எனும் இரசாயனம் அனுமதிக்கப்பட்ட அளவின் 229 மடங்கு இருந்தது. ஆகவே மின்சாரத்தில் மாட்டும் பொருளையும், குழந்தை வாயில் வைக்கும் பொருளையும் இவ்வழியில் மலிவாகத் தேடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஓலைவேய்ந்த வீட்டில் இரவு முழுவதும் மாட்டியிருக்கும் சாஜரை நினைத்தாலே எனக்குப் பயமாயிருக்கிறது.

கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாதிருந்த விடயம் ஒன்றுண்டு. இவ்விரண்டும் வெவ்வேறு வியாபாரங்களல்ல. ஒன்றின் வால் மற்றதின் தலையாகும். மலிவாக வாங்கிய பொருள் பிடிக்காமற் போனால் அதைத் திருப்பியனுப்பும் செலவு பொருளின் விலையையும் மிஞ்சிவிடுகிறது. முகவரி பிழையாகி ஒப்படைக்க முடியாமற்போன பொதிகளும் களஞ்சியங்களில் குவிகின்றன. இப்படிக் குவிந்தவற்றை வியாபாரிகள் மொத்தமாக, பிரித்துப் பாராமலே, குறைந்த விலைக்கு எடுக்கிறார்கள். பிரான்சில் அத்தகைய பொதிகளை மூடியபடியே நிறுத்து, எடைக்கு விற்கும் விற்பனைகள் நடைபெறுகின்றன. சனம் வரிசையில் நின்று வாங்குகிறது. மர்மப் பெட்டிக்குள் இருப்பதில் ஒரு பகுதி, எங்கோ ஒருவர் மலிவென்று வாங்கிப் பின் வேண்டாமென்று விட்ட சாமானே. அதற்கு மேலே தங்கநிறக் கடதாசியைச் சுற்றி, ‘இதற்குள் போன் இருக்கலாம்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் 500 ரூபாச் சாமான் 2,500 ரூபாவாகிறது. அந்த 2,000 ரூபாவும் அச்சொல்லின் விலை.

ஆதலால் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியன்று என்பது என் எண்ணம். மலிவுக் கடையில் நட்டப்படுபவர் பொருளின் தரத்தில் நட்டப்படுகிறார். அடுத்த முறை கவனமாயிருக்கக் கற்றுக்கொள்ளலாம். மர்மப் பெட்டியில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. பத்தாவது பெட்டியை வாங்கும்போதும் முதலாவதை வாங்கியபோது இருந்த அறிவுதான் இருக்கும்.

நடைமுறையில் சில விடயங்கள். பொதியைத் திறந்து பார்க்குமுன் பணம் கட்டவேண்டியிருப்பதே ஏமாற்றுபவருக்கு வசதி. ஆகவே விற்பவரின் முகவரியும் இலக்கமும் இல்லாத பக்கத்தில் எதையும் சொல்லி அனுப்பாதீர்கள். விளம்பரத்தையும் பற்றுச்சீட்டையும் படம் எடுத்து வையுங்கள். பொதியைத் திறக்கும்போது பக்கத்தில் ஒருவரை வைத்துக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். முறையிட்டால் உடனே காசு வருமென்று எதிர்பார்க்க வேண்டாம். எனினும் முறைப்பாடே இல்லாவிட்டால், இப்படியொன்று நடப்பதாக எழுத்தில் எதுவுமே இராது.

கூட்டம் முடியும் வேளையில் அந்தத் தாய் என்னைப் பார்த்து, “அப்ப எங்கட திருவிழாவில கோயில் வளவில விக்கிற லக்கி டிப் என்ன பாதர்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் பங்குமனைக்குத் திரும்பிய பின் சிரிப்பு வரவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2413ஆம் எண்ணில், அதிர்ஷ்ட விளையாட்டுக்கள் தம்மிலே நீதிக்கு முரணானவை அல்ல என்றும், ஒருவருடைய சொந்தத் தேவைக்கும் அவரை நம்பியிருப்போரின் தேவைக்கும் வேண்டியதைப் பறிக்கும்போது அவை ஏற்கமுடியாதவையாகின்றன என்றும் போதிக்கிறது. எமது லக்கி டிப்பில் மேற்படி தேவையை யார் பார்த்தார்கள்? பிள்ளைகள் தாயின் சேலையைப் பிடித்திழுத்துக் காசு கேட்பதை நான் மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒலிபெருக்கியில் ‘தையல் இயந்திரம் இன்னும் விழவில்லை’ என்று அறிவிக்கச் சொன்னவனும் நானே.

பங்குச் சபையில் இதை எடுத்தபோது, சவக்காலை மதிலுக்குப் பணம் வேண்டுமே என்றார்கள். அதுவும் நியாயமே. ஈற்றில், லக்கி டிப்பை நிறுத்துவதில்லை, ஆனால் கணக்கை எழுதி வைப்பது என்று தீர்மானித்தோம். இவ்வருடத் திருவிழாவில் கொட்டகை வாசலில் பலகையொன்று நின்றது: பொதிகள் 500, தையல் இயந்திரம் 1, பிறஷர் குக்கர் 2, குடை 20, மிகுதி 477இலும் பேனை, சவர்க்காரம், பிஸ்கற், ஒரு பொதி 200 ரூபா, வரும் பணம் சவக்காலை மதிலுக்கு. வழமையாக வேஸ்பர் நாளன்றே தீர்ந்துவிடும் பொதிகள் இம்முறை கொடியிறக்கத்துக்குப் பின்னும் மிஞ்சிவிட்டன. மதிலின் தெற்குப் பக்கம் இன்னும் கட்டப்படவில்லை. பங்குமனை அலுமாரியில் 140 பொதிகள் இருக்கின்றன. தையல் இயந்திரத்துக்குரிய துண்டும் அவற்றினுள்ளேதான் எங்கோ இருக்கிறது.