நீல நிறம் தரும் பிளாஸ்டிக்: படாத பாடு ஏன்?

புதிதாக லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? "இது ஓஎல்இடி ஸ்கிரீன் சார்" என்று கடைக்காரர் அழுத்திச் சொல்வார். விலையும் அதற்கேற்ப ஏறும். அந்தத் திரையின் லட்சக்கணக்கான புள்ளிகளில் முதலில் களைத்துப் போவது நீல நிறப் புள்ளிகள்தான் என்பதை மட்டும் அவர் சொல்ல மாட்டார்!

எல்சிடி மானிட்டரில் பின்னால் விளக்கு எரியும். ஓஎல்இடியில் அது கிடையாது. கார்பன் சேர்மங்களால் ஆன மெல்லிய படலத்தில் மின்சாரம் பாய்ந்தால் அந்தப் படலமே ஒளிரும். கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடும்.

பிளாஸ்டிக் குடும்பத்தைச் சேர்ந்த பாலிமரையும் இப்படி ஒளிர வைக்கலாம் என்று 1990-ல் காட்டியது ஜெரமி பரோஸ், டோனல் பிராட்லி, ரிச்சர்ட் ஃபிரெண்ட் ஆகியோர் அடங்கிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு. அவர்கள் பயன்படுத்திய பிபிவி என்ற பாலிமர் மஞ்சள் கலந்த பச்சை ஒளி தந்தது. பாலிமர்கள் பலவற்றைத் திரவத்தில் கரைத்து, இங்க்ஜெட் பிரிண்டர் போல அச்சிடலாம். திரை மலிவாகிவிடும் என்று பலரும் கனவு கண்டார்கள்.

ஆனால் திரைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வேண்டுமே! 1991-ல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் பாலிஃபுளோரீன் வகைப் பாலிமரில் நீல ஒளி கிடைத்தது. அதிலும் ஒரு வில்லங்கம். ஆக்சிஜன் பட்டு மூலக்கூறில் சிறு மாற்றம் ஏற்பட்டாலே போதும், நீலத்தில் பச்சை கலந்துவிடும். வெளுத்த துணியில் சாயம் இறங்கியது போலத்தான்.

நீலத்திற்கு மட்டும் ஏன் இந்தக் கதி? சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 2 எலெக்ட்ரான் வோல்ட். நீலத்திற்கு 2.7 வேண்டும். இவ்வளவு ஆற்றலை ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்கும் மூலக்கூறில், பிணைப்புகள் ஒவ்வொன்றாக உடைகின்றன. உடைந்த மூலக்கூறு பிறகு ஒளி தராது.

இன்றைய போன்களில் இருப்பது பாலிமர் அல்ல, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் சிறிய மூலக்கூறுகள். அவற்றிலும் நீலத்தின் தொல்லை தீர்ந்தபாடில்லை. அதனால் பல போன்களில் நீலப் புள்ளியைப் பெரிதாக அமைக்கிறார்கள். பரப்பு கூடினால் ஒவ்வொரு பகுதியிலும் பாயும் மின்சாரம் குறையும், ஆயுள் நீளும். கெட்டிக்கார யோசனை!

சினிமா, போட்டோ வேலைகளுக்கு ஓஎல்இடி அருமை. நாள் முழுவதும் எக்செல் மட்டும் திறந்து வைப்பவருக்கு நல்ல எல்சிடியே போதும் என்பேன். ஒரே படம் ஒரே இடத்தில் நின்றால் அங்குள்ள புள்ளிகள் மட்டும் தேய்ந்து, நிழல் போலத் தடம் விழும்.

ஓஎல்இடி வாங்கிவிட்டீர்களா? பிரைட்னஸைத் தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் எனச் சென்று, டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ஹைட் த டாஸ்க்பார்' என்பதை டிக் செய்யுங்கள். மவுஸைத் திரையின் அடியில் கொண்டு சென்றால் டாஸ்க்பார் தானே மேலே வரும்.